துப்பாத ஒரு வாய்

செம்மேடு, கொல்லிமலை
28.11.2003

திரு. தனசேகரன் அவர்களுக்கு,

சத்யா எழுதுவது. பதினைந்து மாதமாக எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று உறையைப் பிரிக்கும்போதே நினைத்திருப்பீர்கள். சமாதானத்துக்கு இல்லை, தொழில் விஷயம். படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள், ஆனால் பதில் போட்டுவிட்டுக் கிழியுங்கள்.

நான் இப்போது சேந்தமங்கலத்தில் அம்மா வீட்டில் இல்லை. ஆறு மாதமாக மலை மேல் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவைப் பார்த்துக்கொள்கிறேன். கோயமுத்தூர் ருக்குமணி அம்மாவுடையது. வருகிறவர்களுக்குச் சமையல், படுக்கை, சாவிக்கொத்து எல்லாம் என் பொறுப்பு. துணைக்கு இந்த மலையிலேயே குண்டூர் நாட்டுப் பொன்னாயி இருக்கிறார். மிதா எங்களோடுதான்.

ருக்குமணி அம்மாவின் மகன் தனபால் நாலு வருடமாகச் சிலி நாட்டில் வேலை பார்க்கிறார். புது வருடத்துக்கு வருகிறாராம். அவரும் கூட வேலை செய்கிறவர்கள் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுவருகிறார்கள். தென்னமெரிக்க ஒயின் கொஞ்சம், இனிப்பு ஒயின் கொஞ்சம். பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒவ்வொன்றாக ருசி பார்க்கிற விருந்தாம். நான்தான் நடத்த வேண்டும். ருக்குமணி அம்மா போனில் சொன்னார்: "உன்ற ஊட்டுக்காரரு பெங்களூர் ஓட்டல்ல இதத்தானே பண்றாரு? அவருகிட்டக் கேட்டுக்க கண்ணு." ஊட்டுக்காரர் என்று அவர் சொன்னதை நான் திருத்தவில்லை.

சாமியப்பன் மகள் குடிக்கு விருந்து வைக்கப் போகிறாள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார். அந்தக் குடிதான் அவரை ஐம்பது வயதில் கொண்டுபோனது. அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னால் இதே மலையில் அறப்பளீஸ்வரர் சன்னதியில் உங்களிடம் சத்தியம் கேட்டேன். சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "ஒரு சொட்டு உள்ள போவாது" என்றீர்கள். குடிக்கிற வாய் இருக்கிற வீட்டில் நான் இருக்க மாட்டேன் என்று நானும் அதே சூடத்தை அணைத்துச் சொன்னேன். என் சத்தியத்தை நான் காப்பாற்றிவிட்டேன். நீங்களோ தினமும் சாயங்காலம் சட்டையெல்லாம் ஒயின் நாற்றத்தோடு வந்து, வாயில் ஊற்றித் துப்பிவிட்டேன் என்றீர்கள். எந்தப் பைத்தியக்காரி நம்புவாள்? கடைசியில் தூங்குகிற குழந்தையின் தலையிலேயே கை வைத்துச் சத்தியம் செய்தீர்கள். அதற்கு மேல் அங்கே இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

போகட்டும். விருந்தை எப்படி நடத்துவது என்று மட்டும் எழுதுங்கள். போன் வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சண்டைதான் வரும்.

மிதாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மருந்து கொடுத்திருக்கிறேன்.

சத்யா


பெங்களூர்
3.12.2003

சத்யா,

காய்ச்சல் விட்டதா? எத்தனை டிகிரி? டாக்டரிடம் காட்டினாயா, நீயாக மருந்து வாங்கிக் கொடுத்தாயா? தலை வலிக்கிறது என்று சொன்னாளா? தலையில் கட்டி, வீக்கம், அப்படி ஏதாவது தெரிகிறதா? தயவுசெய்து தொட்டுப் பார். நாமக்கல் கூட்டிப் போ. பஸ் வேண்டாம், ஜீப் பிடித்துக்கொள்.

பங்களா நம்பரை விசாரித்து வாங்கி, நேற்றும் இன்றும் பதினேழு முறை போட்டேன். போகவே இல்லை. போன் வேண்டாம் என்று நீ எழுதியது தெரியும். நான் ஒன்றும் பேச மாட்டேன். விட்டதா இல்லையா என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், வைத்துவிடுவேன்.

ஒயினைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இன்று ஓட்டலில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை உடைத்துவிட்டேன். மேனேஜர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அதென்ன மிதா? மதுமிதா என்று நான் வைத்த பெயர். மது, மது என்றுதானே நீயும் வாய் ஓயாமல் கூப்பிடுவாய். பாதியை வெட்டிவிட்டாயா?

காய்ச்சலைப் பற்றி எழுது. உடனே.

தனசேகரன்


செம்மேடு
9.12.2003

தனசேகரன் அவர்களுக்கு,

காய்ச்சல் மறுநாளே விட்டுவிட்டது. இப்போது பொன்னாயி பின்னாலேயே திரிந்து மிளகுக்கொடியை உருவிக்கொண்டிருக்கிறாள். சளிக் காய்ச்சலுக்குப் பதினேழு போனா? தலையில் கட்டியா? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் பயந்துபோய்க் குழந்தையை உட்கார வைத்துப் பேன் பார்க்கிற மாதிரி தலையெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பதினைந்து மாதமாக அவளுக்கு எத்தனை சளி வந்து போயிற்று, அப்போதெல்லாம் எங்கே போனீர்கள்? மழையில் போன் லைன் அறுந்து பத்து நாளாகிறது.

பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். குடித்தே செத்தவரின் பேத்தியை வாய் நிறைய மது என்று கூப்பிட என்னால் முடியவில்லை. அதனால் மிதா. அவளுக்கும் பழகிவிட்டது.

விருந்து ஜனவரி 3, சனிக்கிழமை. பகல் மூன்று மணிக்கு. ஐந்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், வருகிறவர்கள் அன்றைக்கே கீழே போக வேண்டும். இது ஒழுங்காக நடந்தால் பங்களாவைத் தொடர்ந்து விருந்தினர்களுக்கு விடலாம், இல்லையென்றால் பூட்டிவிடலாம் என்பது ருக்குமணி அம்மாவின் யோசனை. பாட்டில்களின் பெயர்களை எழுதி அனுப்பியிருக்கிறார். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். டொரொன்டெஸ், கார்மெனேர், மால்பெக், டனாட். இனிப்பில் லேட் ஹார்வெஸ்ட் என்று ஒன்று, மஸ்கட் என்று ஒன்று. எது முன்னே, எது பின்னே, எதோடு என்ன தின்னக் கொடுப்பது? விளங்குகிற மாதிரி எழுதுங்கள். தம்ளரை உடைக்காமல் எழுதுங்கள்.

சத்யா


பெங்களூர்
15.12.2003

சத்யா,

உன் கடிதம் வந்த அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

இப்போது தொழில். பாட்டில்கள் எழுபது வளைவு ஏறி வருகின்றன. குலுங்கிப் போயிருக்கும். வந்ததும் இருட்டான அறையில் இரண்டு நாள் அசையாமல் வை. டொரொன்டெஸ் அர்ஜென்டினாவின் வெள்ளை ஒயின். முகர்ந்தால் மல்லிகைப் பூ மாதிரி இருக்கும், குடித்தால் இனிப்பே இருக்காது. அதையும் இனிப்பு வகை இரண்டையும் குளிர வைக்க வேண்டும். கரண்ட் இருக்கும் என்று நம்பாதே, கிணற்றுத் தண்ணீரில் வை. மற்ற மூன்றும் சிவப்பு. மலைக் குளிரே அவற்றுக்குப் போதும். டனாட் உருகுவே நாட்டுடையது, நாக்கைப் பிடித்து இழுக்கும், அதனால் சிவப்பில் கடைசி. தம்ளரில் இரண்டு விரல் அளவுக்கு மேல் ஊற்றாதே.

தின்ன வெளியிலிருந்து எதுவும் வாங்க வேண்டாம். வெள்ளைக்கு மரவள்ளி வறுவல், சிவப்புக்கு உன் மிளகுக் கோழி, இனிப்புக்குத் தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு. இந்த யோசனை எங்கள் பெரிய ஓட்டலில்கூட ஒருத்தருக்கும் வராது.

வரிசை முக்கியம். பந்தி மாதிரிதான். வெள்ளை முடிந்து சிவப்பு. சிவப்பு மூன்றும் நீ எழுதிய வரிசையில். இனிப்பு எப்போது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் இலையில் எப்படியோ அப்படியே.

கார்மெனேரைப் பற்றி யாராவது கேட்டால் சொல். சிலியில் நூறு வருடத்துக்கு மேல் அதை மெர்லோ என்கிற வேறு திராட்சை என்றே நினைத்து வளர்த்தார்கள். பத்து வருடம் முன்புதான் ஒருவர் கொடியைக் கவனித்துப் பார்த்து, இது அது இல்லை என்று சொன்னார். அதுவரை கொடி என்ன செய்யும், சும்மா காய்த்துக்கொண்டிருந்தது. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. விடு.

ஆறு பேருக்கு ஒன்றாக இரண்டு பித்தளைப் போசி வேண்டும். வெறும் பாத்திரம், உள்ளே எதுவும் வேண்டாம். எதற்கென்று எழுத மாட்டேன். எழுதினால் மறுபடி அதே சண்டை.

மதுவுக்கு, சரி, மிதாவுக்கு என் முத்தம். தலை சீவும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

தனசேகரன்


செம்மேடு
30.12.2003

பாட்டில்கள் வந்துவிட்டன. அரிசி அறையில் போர்வை சுற்றி வைத்திருக்கிறேன். பொன்னாயி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குழந்தை தூங்குகிற அறைக்குள் போகிற மாதிரி அடி எடுத்து வைக்கிறார். எனக்கு ஒரு வேலையில் கை நிலைக்கவில்லை. கதவைத் திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். அப்பாவை நினைத்தால் எட்டு பாட்டிலையும் பாறையில் உடைக்கலாம் போலிருக்கிறது.

திராட்சைக் கதை சொல்லி உங்களை நியாயப்படுத்த வேண்டாம். விளங்காமல் இல்லை.

சத்யா


செம்மேடு
5.1.2004

ஏனுங்க,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பன்னிரண்டு பேர், இரண்டு மேசை. வெள்ளைத் துணி விரித்து, தம்ளர் அடுக்கி, போசி வைத்து, வறுவலும் கோழியும் தயார். முதலில் இனிப்பை ஊற்றினேன். நீங்கள் எழுதியதைப் பத்துத் தடவை படித்துவிட்டுத்தான் ஊற்றினேன். நம் இலையில் எப்படியோ அப்படியே. நம் இலையில் உப்புக்கு அடுத்ததாக விழுவது இனிப்புத்தானே? லேட் ஹார்வெஸ்ட் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ருக்குமணி அம்மா தம்ளரை நக்காத குறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் வெள்ளையை ஊற்றினேன்.

ஒருத்தர் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. "என்னுங்க இது, புளிச்ச தண்ணியாட்ட இருக்குது?" என்றார். சிவப்பு போனதும் இன்னும் மோசம். வேப்பங்கொழுந்தைத் தின்ற மாதிரி ஆளாளுக்கு முழிக்கிறார்கள். தனபால் போசியை இழுத்து அதில் துப்பினார். அடுத்தவர் துப்பினார். வரிசையாகத் துப்புகிறார்கள்! நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். பொன்னாயி கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்து, "அம்மிணி, அத்தன பேரும் போசில துப்பறாங்க. நாம செஞ்சது அத்தன கேவலமாவா இருக்குது?" என்றார்.

அழுகையை அடக்கிக்கொண்டு தனபாலிடம் போய், "தப்பாப் போச்சுங்க. எல்லாரும் துப்பற மாதிரி ஆயிப்போச்சு. மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் சிரித்தார்.

"ஏனுங்க, துப்பறதுக்குத்தானே போசி வெச்சீங்க? ருசி பாக்கறவன் முழுங்கவே மாட்டானுங்க. முழுங்குனா நாலாவது தம்ளர்ல நாக்கு செத்துப்போயிரும். அப்பறம் எழுபது வளைவ யாரு எறங்கறது? இனிப்ப மொதல்ல ஊத்துனதுதான் கோளாறு. அதுக்கப்பறம் எத ஊத்துனாலும் புளிக்கும். அது கடைசில வரோணும்."

அவர் எல்லாருக்கும் தண்ணீரும் வறுவலும் கொடுத்து வாயைக் கழுவ வைத்து, வெள்ளையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அப்புறம் எல்லாம் நன்றாகவே நடந்தது. மிளகுக் கோழியை மால்பெக்கோடு தின்றுவிட்டு ஒருத்தர் என்னைக் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ருக்குமணி அம்மா, "இனிப்ப மொதல்ல வெச்சதுதான் நம்ம முறை, இவனுக கெடக்கறானுக" என்று மகனை அதட்டிவிட்டு, பங்களாவைப் பூட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் கடைசியில் ஊற்றும் பாயசத்தை நினைத்து எழுதியிருக்கிறீர்கள், நான் இலையில் முதலில் விழும் இனிப்பை நினைத்துப் படித்திருக்கிறேன். இவ்வளவுதான் விஷயம்.

இது முக்கியம் இல்லை. எல்லாரும் போன பிறகு போசியைக் கழுவினேன். கையிலும் சேலையிலும் வாசனை ஏறிக்கொண்டது. உங்கள் சட்டையில் வருமே, அதே வாசனை. கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடம் இந்த வாசனைக்காக உங்களைத் திருடன் மாதிரி வாசலிலேயே நிறுத்தி வைத்துச் சோதனை போட்டேன். என் அம்மா முன்னால், "எவனாச்சும் வாயில ஊத்துனதத் துப்புவானா?" என்று கேட்டுச் சிரித்தேன். பன்னிரண்டு பேர் என் கண் முன்னால் துப்பினார்கள்.

குழந்தை தலையில் கை வைத்து நீங்கள் சொன்னது உண்மை. நான்தான் நம்பவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள். பொங்கலுக்கு வர முடியுமா? அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. கை வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

சத்யா


பெங்களூர்
10.1.2004

சத்யா,

நீ வா என்று எழுதிய கடிதத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எண்ணவில்லை. பஸ்ஸுக்குச் சீட்டும் எடுத்தேன். நேற்று ரத்து செய்துவிட்டேன். இதைப் படித்துவிட்டுச் சொல், அப்புறம் வருகிறேன்.

இரண்டு வருடமும் துப்பினேன். அது உண்மை. ஒரே ஒரு நாள் துப்பவில்லை.

2002 ஆகஸ்டில் ஓட்டலில் எனக்குத் தேர்வு வைத்தார்களே, அன்று. பன்னிரண்டு தம்ளர் வரிசையாக வைத்து, எது என்ன என்று சொல்லச் சொன்னார்கள். பதினொன்றைத் துப்பினேன், பதினொன்றையும் சரியாகச் சொன்னேன். பன்னிரண்டாவது இனிப்பு. நீ முதலில் ஊற்றினாயே, அதே லேட் ஹார்வெஸ்ட். திராட்சையைப் பறிக்காமல் கொடியிலேயே சுருங்க விட்டுச் செய்வது. தேனும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மாதிரி இருந்தது. போசி பக்கத்திலேயே இருந்தது. குனிந்தேன். வாய் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டது.

தேர்வில் ஜெயித்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன். நீ வாசலிலேயே மோந்து பார்த்துவிட்டு, "இன்னிக்குக் குடிச்சீங்களா?" என்று கேட்டாய். மற்ற நாளெல்லாம் உண்மையைச் சொல்லி நீ நம்பவில்லை. அன்று பொய்யைச் சொன்னாலாவது நம்புவாயா என்று, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலையில் கை வைத்து, "ஒரு சொட்டு உள்ள போகல" என்றேன். அந்தக் கை இன்னும் சுடுகிறது. அவளுக்குக் காய்ச்சல் என்று நீ எழுதியதும் நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று இப்போது தெரிந்திருக்கும். யாராவது தலைவலி என்று சொன்னால்கூட எனக்கு அவள் ஞாபகம்தான் வருகிறது.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. இதைச் சொல்லாமல் பொங்கலுக்கு வந்து உன் கையால் சாப்பிட்டிருக்கலாம். முடியவில்லை, சத்யா.

தனசேகரன்


பெங்களூர்
24.1.2004

சத்யா,

பொங்கல் போய்விட்டது. பதில் இல்லை. திட்டியாவது ஒரு கார்டு போடு. தபால்காரர் என்னைப் பார்த்தால் இப்போது தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். பாப்பா நன்றாக இருக்கிறாள் என்பதை மட்டுமாவது எழுது.

தனசேகரன்


செம்மேடு
30.1.2004

மாமா,

நன்றாக இருக்கிறாள். முதலில் அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அடுப்பில் போட்டுவிட்டேன். பாதி எரிந்ததும் இடுக்கியால் எடுத்தேன். மற்ற எல்லாவற்றையும் பொறுப்பேன், அவள் தலையில் எப்படி உங்களுக்குக் கை வைக்க மனது வந்தது? நாலு ராத்திரி அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பெங்களூருக்கு வந்து உங்கள் ஓட்டல் வாசலில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. நாலு கடிதம் எழுதினேன், ஒன்றையும் போடவில்லை. அதில் இருந்த வார்த்தைகளை இப்போது எழுதினால் தபால்காரரே கொண்டுவர மாட்டார்.

பொங்கல் கழிந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். குழந்தை மேல் செய்த பொய்ச் சத்தியத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு வரலாம் என்று போனேன். கூட வந்த பொன்னாயி தடுத்துவிட்டார். "சத்தியத்தப் போட்டவரு வந்துதான் எடுக்கோணும் அம்மிணி. நீ போயி நின்னா, நீ யாருன்னு சாமி கேக்கும்" என்றார். முடிந்த காசோடு திரும்பி வந்தேன்.

வழியெல்லாம் நான் நினைத்தது வேறு. பொன்னாயி சொன்னது உங்களுக்கு மட்டும் அல்ல, எனக்கும் பொருந்தும்.

அன்றைக்குப் போசி கழுவினேன் என்று எழுதினேன் அல்லவா? அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. பாட்டிலில் லேட் ஹார்வெஸ்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. துப்புவது நிஜமாகவே முடியுமா என்று பார்க்க நினைத்தேன். நீங்கள் சொன்னதெல்லாம் உண்மையா என்று என் வாயாலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வெறி. பொன்னாயி கோழியெலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் அளவு ஊற்றி, ஒரு வாய் வைத்துக்கொண்டு, போசி மேல் குனிந்தேன். குனிந்தபடியே நின்றேன். தேனும் ஆரஞ்சுத் தோலும்தான், நீங்கள் எழுதியது சரி. உள்ளே போய்விட்டது, மாமா. அப்பாவை அவ்வளவு திட்டிய வாய் இது. கை வரவில்லை என்று எழுதினேனே, அது இதுதான்.

நீங்கள் உங்கள் ஒரு வாயை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டீர்கள். நானோ என்னுடையதை ஒளித்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உங்கள் மேல் கோபப்பட்டேன். குடிக்கிற வாய் இருக்கிற வீட்டில் இருக்க மாட்டேன் என்று சூடத்தை அணைத்தவள் நான். அந்தப்படி பார்த்தால் இப்போது நான் என் வாயை எங்கே விட்டுவிட்டுப் போவது?

குடியை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அப்பா செத்ததும் அதனால்தான், அது மாறாது. துப்புகிற வரைக்கும் உங்கள் தொழில் தொழில். இனிப்பு வந்தால் தம்ளரைத் தொடாமல் எழுந்து போங்கள், உங்களுக்கும் எனக்கும் அது ஆகாது.

பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சேந்தமங்கலத்தில் இறங்கி முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்துக்குள் செம்மேடு. நேரே கோயிலுக்குப் போகிறோம். அவள் தலையில் அதே கையை வைத்து, அன்றைக்குக் குடித்தேன் என்று நீங்கள் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று நானும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மஞ்சள் துணியில் இன்னொரு காசும் சேர்த்து முடிந்து வைத்திருக்கிறேன்.

அப்பா வருகிறார் என்று இன்று காலையில் சொல்லிவிட்டேன். அதிலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கமே நிற்கிறாள், ஞாயிறு நாளைக்கா, நாளைக்கா என்று கேட்டுக்கொண்டு. இப்போதுகூட வெயிலில் நிற்கிறாள். "மது, உள்ள வா சாமி" என்று கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஓடி வந்துவிட்டாள்.

சத்யா